குடித்த கைக்கு வழி தெரியும்

பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் சமவெளியைத் தொட்டு, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று ஊருக்கு ஊர் வயலையும் மனிதரையும் நனைத்துக்கொண்டு, திருநெல்வேலியையும் ஸ்ரீவைகுண்டத்தையும் கடந்து, புன்னைக்காயல் அருகே கடலோடு கலக்கும் தாமிரபரணியைப் பற்றி அந்தக் கரைக்காரர்களுக்கு இருக்கும் கர்வம் பிரசித்தமானது. அல்வாவின் ருசிக்கும், ஆட்களின் வாய்ச் சாதுரியத்திற்கும், ஆற்றிலே கோரையை ஊறப்போட்டு நெய்கிற பத்தமடைப் பாயின் மென்மைக்கும்கூட, 'எல்லாம் எங்க தண்ணி ராசி' என்று ஒரே காரணத்தைச் சொல்லி முடித்துவிடுவார்கள். அதே சொல்லை அதே ஊர்ப் பெண்கள், தாழ்ந்த குரலில், வேறொரு பொருளில் சொல்லவும் கேட்டிருக்கிறேன். 'தண்ணி போட்டுட்டு வந்தாக' என்பார்கள். அதற்கு மேல் விளக்கம் கேட்பது அநாகரிகம். உதட்டோரத்து வீக்கமும் மணிக்கட்டில் வளையல் உடைந்த கீறலும் மீதியைச் சொல்லிவிடும்.

முக்கூடல், கடையம், ஆலங்குளம், பாவூர்சத்திரம், மேலப்பாளையம் என்று பீடித் தொழில் பரவிக் கிடக்கிற ஊர்களில், திண்ணையிலும் நடையிலும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, இலையை வெட்டி, தூளை இட்டு, சுருட்டி, நூலால் கட்டி, ஆயிரம் பீடி எண்ணிக்கை தேறினால்தான் ஒரு நாள் கூலி என்று கணக்குப் பண்ணி உழைக்கிற ஸ்திரீகளில் எத்தனையோ பேருடைய வீட்டில், பள்ளிக்கூடச் செலவும் அரிசிக் கடனும் சீட்டுப் பணமும் அந்த விரல்களை நம்பியே நடக்கின்றன. வாரக் கூலி கைக்கு வரும் நாள் அவர்களுக்குச் சந்தோஷமான நாளாக இருக்கவேண்டும். ஆனால் குடிகாரன் இருக்கிற வீட்டில் அதுவே பயத்தின் நாள். கொடுத்தால் குடிப்பான், கொடுக்காவிட்டால் அடிப்பான், கொடுத்துக் குடித்துவிட்டு வந்த பிறகும், மீதியை எங்கே ஒளித்தாய் என்று அடிப்பான்.

என் பாலியம் இந்த ஆற்றங்கரையில்தான் கழிந்தது. எங்கள் தெருவில், எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீட்டில், மாதத்தில் சில இரவுகள் முதலில் ஒரு பாத்திரம் விழும் சத்தம் கேட்கும். பிறகு ஓர் ஆணின் குரல். பிறகு ஒரு பெண்ணின் குரல். பிறகு அந்தப் பெண்ணின் குரல் திடீரென்று நின்றுபோகும். அந்தச் சத்தங்களைவிட எனக்கு இன்றும் தெளிவாக ஞாபகத்தில் இருப்பது அவற்றைத் தொடர்ந்து வந்த இன்னொரு சத்தம்: தெரு முழுவதும் ஜன்னல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்தப்படுகிற சத்தம். எங்கள் வீட்டு ஜன்னலைச் சாத்தியவர் என் தகப்பனார். அவர் ஆயுளில் ஒரு சொட்டு மதுவைத் தொட்டவரல்ல. யாரையும் கைநீட்டி அடித்தவருமல்ல. தெருவிலே நியாயஸ்தர் என்று பெயரெடுத்தவர். 'புருஷன் பெஞ்சாதி விஷயம், நாம என்னத்தச் சொல்ல?' என்று யாரும் கேட்காமலேயே ஒரு சமாதானத்தைச் சொல்லிவிட்டு விளக்கை அணைப்பார். மறுநாள் காலை அந்த அம்மாள் குழாயடிக்கு வருவாள். முகத்தைப் பார்த்து யாராவது கேட்டால், 'இருட்டுல கதவு இடிச்சிட்டு' என்பாள். கேட்டவர்களும் நம்பியதாகப் பாவித்துக்கொள்வார்கள்.

அந்தக் கணவர் பகலிலே பரம சாது. குழந்தைகளுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுப்பார். பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பார். ஆகவே தெருவின் தீர்ப்பு வெகு சுலபமாக முடிந்துபோயிற்று: மனுசன் தங்கம், குடிதான் கெடுக்கிறது. அடிபட்டவளும் அதையே சொன்னாள்: 'அவுக நல்லவுகதான், அந்தத் தண்ணி உள்ள போனாத்தான் ஆளே மாறிப்போவாக.' நானும் வெகுகாலம் அந்த அபிப்பிராயத்தையே வைத்திருந்தேன். இப்போது அது அரை உண்மை என்று படுகிறது. அந்த அரை உண்மையின் நிழலில் எத்தனை பேர் சௌகரியமாகத் தப்பித்துக்கொண்டார்கள் என்பதை நினைத்தால் வெட்கமாகவும் இருக்கிறது.

உண்மையாக இருக்கிற பாதியை முதலில் ஒப்புக்கொள்வோம். 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, இந்தியா முழுவதிலும் பெண்களை விசாரித்துத் தெரிவித்த கணக்கின்படி, அடிக்கடி குடித்து வெறிக்கிற கணவனைப் பெற்ற பெண்களில் 100க்கு 70 பேர் உடல் ரீதியாகவோ பாலியல் ரீதியாகவோ கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். குடிக்காத கணவனைப் பெற்றவர்களில் அப்படி ஆளானவர்கள் 23 பேர். தமிழ்நாட்டில் 18 வயது முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 38.1 சதவிகிதம் பேர் ஏதேனும் ஒரு காலத்தில் இந்தக் கொடுமையை அனுபவித்திருக்கிறார்கள். தேசத்தின் சராசரியோ 29.3 சதவிகிதம்தான். கல்வியிலும் வைத்தியத்திலும் முன்னே நிற்பதாக மார்தட்டிக்கொள்கிற நாம் இதில் பின்னே நிற்கிறோம். குடிக்கும் அடிக்கும் சம்பந்தமில்லை என்று இந்த எண்களைப் பார்த்த பிறகு யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆனால் அந்த 23 என்ற எண்ணையும் சற்று நின்று பார்க்கவேண்டும். ஒரு சொட்டுக் குடியாத கணவன்மார்களுடைய வீட்டிலும், ஏறக்குறைய நாலு பெண்களில் ஒருத்தி அடிபட்டிருக்கிறாள். அங்கே சாராயத்தின்மேல் பழியைப் போட முடியாது.

குடித்தவன் வீடு திரும்புகிற அந்தப் பாதையையும் கவனியுங்கள். கடையில் நிற்கிறான், பாட்டிலின் மேல் அச்சிட்ட விலைக்கு அதிகமாகப் பத்து ரூபாய் கேட்டால், முணுமுணுத்துக்கொண்டே கொடுக்கிறான், விற்பனையாளரின்மேல் கை ஓங்குவதில்லை. தெருமுனையில் போலீஸ் ஜீப் வந்தால், தள்ளாடுகிற கால்களைச் சேர்த்து வைத்து ஓரமாக ஒதுங்குகிறான். எதிரே தாய்மாமனோ, தனக்கு வேலை தரும் கொத்தனாரோ வந்தால், மடித்துக் கட்டியிருந்த வேட்டியைச் சட்டென்று இறக்கிவிட்டுக் கொள்கிறான். எங்கே பணியவேண்டும், யாருக்கு முன்னால் குரலைத் தாழ்த்தவேண்டும் என்கிற மரியாதைக் கணக்கு அத்தனையும், அந்தப் போதையிலும், ஒரு தப்பில்லாமல் அவனுக்கு நினைவில் இருக்கிறது. வீட்டு வாசற்படியைத் தாண்டும்போதுதான் அவனுக்கு 'நினைவு தப்பி' விடுகிறது. வழியில் நூறு பேரைப் பார்த்தும் ஓங்காத கை, வீட்டுக்குள்ளே இருக்கிற ஒருத்தியைத் தேடிப்போய் ஓங்குகிறதென்றால், அந்தக் கைக்கு வழி தெரிகிறது என்றுதானே அர்த்தம்?

இதை ஏதோ என் சொந்தக் கண்டுபிடிப்பாகச் சொல்லவில்லை. 1969ஆம் வருஷத்திலேயே க்ரெய்க் மக்காண்ட்ரூ, ராபர்ட் எட்ஜெர்டன் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், உலகத்தின் பல சமூகங்களில் ஜனங்கள் குடித்தபின் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்ற செய்திகளைத் திரட்டி ஒரு நூல் எழுதினார்கள். சில சமூகங்களில் குடித்தவர்கள் சண்டை போடுகிறார்கள்; சிலவற்றில் பாடுகிறார்கள்; சிலவற்றில் மௌனமாகத் தூங்கிவிடுகிறார்கள்; ஒரே சமூகத்திலும் காலத்துக்குக் காலம் அந்த நடத்தை மாறுகிறது. குடி நாக்கைக் குழற வைப்பதும் நடையைத் தள்ளாட வைப்பதும் எங்கும் ஒன்றே. ஆனால் குடித்தவன் என்ன செய்யலாம், எதைச் செய்தால் மன்னிப்பு உண்டு என்பதை அவன் தன் ஊரிடமிருந்து கற்றுக்கொள்கிறான் என்பது அவர்கள் கண்ட முடிவு. நமக்குப் புரியவேண்டுமென்றால், திசையன்விளை, உடன்குடிப் பக்கத்துப் பனையேறிகளைக் கேட்டால் போதும். ஒரே பாளையில் வடிகிற சாறுதான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீர், தடவாவிட்டால் கள். ஊர் தன் ஆண்பிள்ளைகளை வளர்க்கிற கலயத்தில் என்ன தடவி வைத்திருக்கிறது என்பதுதான் கேள்வி. நாம் தடவி வைத்திருப்பது மன்னிப்பு.

இதற்கு நம் ஊரிலேயே பிரத்யட்சமான சாட்சி ஒன்று உண்டு. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசராவுக்கு மாலை போட்டு விரதம் இருப்பவர்களையும், கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போடுபவர்களையும் நாம் எல்லோரும் அறிவோம். நேற்றுவரை நாள் தவறாமல் கடைக்குப் போனவன், கழுத்தில் மாலை விழுந்த தினத்திலிருந்து மண்டலம் முழுவதும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. மனைவியை 'அம்மா' என்றும் 'சாமி' என்றும் அழைக்கிறான். அந்த வீட்டுக் குழந்தைகள் ராத்திரி பயமில்லாமல் பாடம் படிக்கிற நாட்கள் அவை. 'இவுக வருஷம் பூரா மாலை போட்டுக்கிட்டா என்ன?' என்று சிரித்துக்கொண்டே சொல்லி, சிரிப்பு முடிகிற இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்ட பெண்களை எனக்குத் தெரியும். தெய்வத்திற்குப் பயந்து 41 நாளோ 48 நாளோ அடங்குகிற கை, 49ஆம் நாள் அடங்காமல் போவது மதுவின் சக்தியால் மட்டுமா? மாலையைக் கழற்றிய தினத்தின் மாலையே சிலர் நேராக எங்கே போகிறார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நீண்டகாலக் குடியர்கள் சிலருக்கு விரதத்தின் முதல் வாரம் பெரும் அவஸ்தை. அது தேகத்தின் வியாதி, அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் அடிப்பதை நிறுத்துவதற்கு அவர்களில் ஒருவருக்கும் மருந்து தேவைப்படுவதில்லை என்பது கவனிக்கத்தக்கது.

2020ஆம் வருஷத்துத் தொற்றுக்காலம் இந்த விஷயத்தில் நாம் கேளாமல் கிடைத்த ஒரு பரீட்சை. மார்ச் மாதக் கடைசியில் ஊரடங்கோடு மதுக்கடைகளும் அடைபட்டன. தமிழ்நாட்டில் மே 7ஆம் தேதி வரையில் திறக்கவில்லை. சட்டப்படி ஒரு துளி மது விற்காத அந்த நாற்பது சொச்சம் நாட்களில் வீடுகள் அமைதியாக இருந்திருக்கவேண்டும் அல்லவா? ஆனால் தேசிய மகளிர் ஆணையத்திற்குக் குடும்ப வன்முறைப் புகார்கள் அதிகமாக வரத் தொடங்கின. வெளியே வந்து புகார் கொடுக்க முடியாத பெண்களுக்காக, ஏப்ரலில் ஆணையம் ஒரு வாட்ஸப் எண்ணையே அறிவிக்கவேண்டி வந்தது. வேலை போன கோபம், பணமில்லாத ஆத்திரம், நாளெல்லாம் வீட்டுக்குள் அடைபட்ட எரிச்சல் ஆகிய இவையெல்லாம் மதுவின் துணையில்லாமலே அந்தக் கைக்கு வழி காட்டிவிட்டன. பிறகு கடை திறந்த மே 7ஆம் தேதியன்று வெயிலில் நீண்டு வளைந்து நின்ற வரிசைகளைப் பத்திரிகைகள் படம் பிடித்துப் போட்டன. அந்த வரிசையில் நின்றவர்களுடைய வீட்டில் அன்றைய இரவு எப்படிக் கழிந்தது என்பதை யாரும் படம் பிடிக்கவில்லை.

அதற்காகக் குடி நிரபராதி என்று யாரும் எண்ணிவிடவேண்டாம். நம் கடைகளில் 'குவார்ட்டர்' என்று விற்கிற 180 மில்லி சரக்கில், ஏறக்குறைய 42.8 சதவிகிதம் சாராயம் என்ற கணக்கில், சுமார் 60 கிராம் சுத்த மதுசாரம் இருக்கிறது. வைத்தியர்கள் ஓர் அளவு என்று எண்ணுகிற 10 கிராமைப்போல் அது ஆறு மடங்கு. அதை நம்மவர் சாப்பாட்டோடு நிதானமாக அருந்துவதில்லை. கடையை ஒட்டி நின்று, தண்ணீரைக் கலந்தும் கலக்காமலும், சில நிமிஷங்களில் வயிற்றில் ஊற்றிக்கொண்டு கிளம்புகிறார்கள். அந்த வேகத்தில் ஏறுகிற மது, மூளையிலே நாளையை யோசிக்கிற பாகத்தை முதலில் மழுக்குகிறது. கண்ணெதிரே நிற்கிற சிறிய எரிச்சல் பெரிதாகத் தெரியும். 'வேண்டாம்' என்று பிடித்து நிறுத்துகிற நினைவு தூரத்துக்குப் போய்விடும். ஏற்கெனவே உள்ளே இருக்கிற கோபத்துக்கும், 'இவள் என் உடைமை' என்கிற எண்ணத்துக்கும் குடி புதிதாக உயிர் கொடுப்பதில்லை. இருக்கிற பூட்டைக் கழற்றிவிடுகிறது. குழம்பில் உப்புக் குறைந்ததற்கு நிதானத்தில் முகம் சுளிக்கிறவன், போதையில் தட்டை எறிகிறான்.

இதனினும் பயங்கரமான ஒன்று, சந்தேகம். பல வருஷம் விடாமல் குடித்தவர்களில் சிலருக்கு, மனைவிக்கு வேறு தொடர்பு இருப்பதாக ஓர் அசைக்கமுடியாத நம்பிக்கை உண்டாகிவிடுகிறது. பீடிக் கடையில் கணக்குப் பார்க்கிறவரோடு அவள் இரண்டு வார்த்தை பேசினால் அதற்கோர் அர்த்தம். பஸ் தாமதமானால் அதற்கோர் அர்த்தம். மனநல வைத்தியர்கள் இதை ஒரு வியாதியாகவே அடையாளம் காண்கிறார்கள். கொலைவரை போகக்கூடிய வியாதி. இந்த அறிகுறி தென்பட்ட வீட்டில், 'பொறுத்துப் போ, மாறிடுவாரு' என்று புத்தி சொல்லும் மாமியாரும் அண்ணனும் அந்தப் பெண்ணின் உயிரோடு விளையாடுகிறார்கள்.

இன்னொரு பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்' என்று பத்திரிகை விளம்பரங்களிலும் சுவரொட்டிகளிலும் சொல்லிப் பொடியும் மாத்திரையும் விற்கிறார்கள். கடன் வாங்கி அதை வாங்கிச் சாம்பாரில் கலக்கிற பெண்கள் அநேகர். குடியை வெறுக்கவைக்கிற மருந்துகளில் சில, அதன்மேல் மது பட்டால் ரத்த அழுத்தத்தையும் இருதயத்தையும் ஆபத்தான நிலைக்குக் கொண்டுபோகக் கூடியவை. நோயாளிக்குத் தெரிந்து, வைத்தியர் பரிசோதித்த பிறகே கொடுக்கத்தக்கவை. விஷயம் தெரிந்துபோனால், 'எனக்கு விஷம் வைத்தாய்' என்று அதுவே அடுத்த அடிக்குக் காரணமாகிவிடும். முறையான சிகிச்சை வேறு. பல வருஷம் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், தூக்கம் போகும், சிலருக்கு வலிப்பும் பிரமையும் வரும். அந்த முதல் சில நாட்களை ஆஸ்பத்திரியில் கழிப்பதே உசிதம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, சங்கோசத்தை விட்டுக் கூட்டிக்கொண்டு போகலாம். அதற்கு மனைவி மட்டும் போராட வேண்டியதில்லை, நியாயஸ்தர் என்று பெயரெடுத்த அண்டைவீட்டுக்காரர் ஒருவரும் கூடப் போனால் நல்லது.

சென்னையிலே, குடிக்கு அடிமையாகித் தன் கணவர் இளவயதில் மாண்டுபோன துக்கத்தை வைத்துக்கொண்டு மூலையில் உட்காராமல், 1980ஆம் வருஷம் சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார் ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிறுவனம் என்று கணவரின் பெயரால் வழங்கும் அந்த இடத்தில், நோயாளிக்கு மட்டுமின்றி அவனுடைய குடும்பத்தினருக்கும் தனியாகப் பயிற்சி உண்டு. இது வெகு முக்கியமான ஒரு காரியம். குடியை விட்டவன் வீட்டில் வன்முறை எவ்வளவு குறைகிறது என்று அமெரிக்காவில் சிகிச்சை பெற்றவர்களைத் தொடர்ந்து கவனித்துப் பார்த்திருக்கிறார்கள். தம்பதிகளைச் சேர்த்து வைத்துச் சிகிச்சை தந்த இடங்களில், குடியை அடியோடு விட்டவர்களின் வீட்டில் வன்முறை ஏறக்குறைய மற்றச் சாதாரணக் குடும்பங்களின் அளவுக்கு இறங்கியது. திரும்பக் குடித்தவர்களின் வீட்டில் அந்த அளவுக்கு இறங்கவில்லை. எனவே சிகிச்சையினால் பிரயோசனம் உண்டு. அந்தச் 'சாதாரண' அளவும் பூஜ்யமல்ல என்பதையும் மறந்துவிடக் கூடாது.

சர்க்காரைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் வாசகர் என்னை விடமாட்டார். 1929ஆம் வருஷத்தில் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை நடத்திய ராஜாஜி, சென்னை மாகாணப் பிரதம மந்திரியானதும் 1937 அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அதனால் குறையும் வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரியைப் புகுத்தினார். 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது. அதற்கு முன்னால், 92 வயதில், ராஜாஜி முதலமைச்சர் கருணாநிதியை நேரில் கண்டு வேண்டாமென்று கேட்டுக்கொண்டதும் பலிக்கவில்லை. மதுவுக்குப் பதிலாக வந்த வரி மட்டும் போகவில்லை. மதுவும் வந்தது, வரியும் நிலைத்தது. 1983இல் மொத்த வியாபாரத்துக்கென்று பிறந்த டாஸ்மாக், 2003 நவம்பரிலிருந்து சில்லறை வியாபாரத்தையும் தன் கைக்குள் கொண்டுவந்தது. அந்த 2003-04இல் 3,639 கோடி ரூபாயாக இருந்த வருமானம், 2023-24இல் 45,855 கோடியைத் தாண்டியது. 500 கடை, 500 கடை என்று 2016இலும் 2017இலும் 2023இலும் மூடிக் காட்டினார்கள். வருமானம் ஏறியபடியே இருந்தது.

பீடித் தட்டைப் பிடித்து ஆயிரம் எண்ணுகிற விரல்களின் கூலியும், கணவனின் சட்டைப்பை வழியாக, அந்த 45,855 கோடியில் கலந்திருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு துளியை எடுத்து, அவளுக்கு உதவ ஒரு தொலைபேசி எண்ணையும் அதே சர்க்கார் நடத்துகிறது. ஒரு கையால் விற்று மறு கையால் கட்டுப் போடுகிற இந்தத் தர்மத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பூரண மதுவிலக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? பீகாரில் 2016 ஏப்ரலில் கொண்டுவந்தார்கள். அங்கே அதைக் கேட்டவர்கள் கிராமத்துப் பெண்கள்தாம். 2024இல் வெளியான ஓர் ஆய்வு, அந்தத் தடையினால் 21 லட்சம் பெண்கள் கணவனின் வன்முறையிலிருந்து தப்பியிருக்கலாம் என்று கணக்கிட்டது. லேசான விஷயமல்ல அது. அதே பீகாரில் 2022 டிசம்பரில் சாரண் ஜில்லாவில் விஷச் சாராயம் எழுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்ததும் நடந்தது. கடை திறந்திருக்கிற நம் கள்ளக்குறிச்சியிலேயே 2024 ஜூனில் கள்ளச்சாராயத்தால் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள் என்பதால், கடையைத் திறந்து வைப்பதுதான் கள்ளச்சாராயத்துக்கு மருந்து என்கிற வாதமும் நிற்கவில்லை. கடைகள் குறைந்தால் அடி குறையும் என்பது என் திடமான அபிப்பிராயம். கடைகளே இல்லாவிட்டாலும் அடி நிற்காது என்பதும் அவ்வளவே திடமான அபிப்பிராயம். கடைகளைக் குறைப்பதைச் சர்க்கார் செய்யவேண்டும். அடியை நிறுத்துவதை நாம்தான் செய்யவேண்டும்.

2018ஆம் வருஷம் மே மாதம், டாக்டராக வேண்டுமென்று ஆசைப்பட்ட ஒரு பிளஸ் டூ மாணவன், நீட் தேர்வுக்குச் சில நாட்களே இருந்தபோது, திருநெல்வேலி நகரத்தில் தன் உயிரைப் போக்கிக்கொண்டான். தகப்பனார் குடியை விடவேண்டும், மதுக்கடைகளை மூடவேண்டும் என்று ஒரு கடிதத்தில் எழுதி வைத்திருந்தான். தலைவர்கள் அறிக்கை விட்டார்கள். அந்தப் பிள்ளையைத் தியாகி என்று கொண்டாடியவர்களோடு நான் சேரமாட்டேன். உயிரோடு இருந்து டாக்டராகியிருக்கவேண்டிய பையன் அவன். ஒரு வீட்டின் குடிப் பாரம் முழுவதையும் தன் தோளில் சுமந்துகொண்டிருந்த அந்தக் குழந்தையிடம், 1098 என்று குழந்தைகளுக்கென்றே ஓர் எண் இருக்கிறது என்பதை ஒருவரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மனம் உடைந்து போகிற எவருக்கும் 14416 என்ற எண்ணில் பேச ஆள் உண்டு என்பதையும் இந்த இடத்திலேயே எழுதிவைக்கிறேன்.

சட்டத்துக்கு வருவோம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26ஆம் தேதி முதல் அமலில் இருக்கிறது. கணவனை ஜெயிலுக்கு அனுப்பவேண்டும் என்று எல்லாப் பெண்களும் விரும்புவதில்லை. அடி நிற்கவேண்டும், வீடு போகக்கூடாது, குழந்தைகளுக்குச் சோறு வேண்டும், அவ்வளவுதான் அநேகருடைய பிரார்த்தனை. இந்தச் சட்டம் அதை அறிந்தே எழுதப்பட்டது. அடிக்கக்கூடாது என்று மாஜிஸ்திரேட் தடையுத்தரவு இடலாம். வீடு யார் பெயரில் இருந்தாலும் அவளை அங்கிருந்து துரத்தக்கூடாது என்று உத்தரவிடலாம். வைத்தியச் செலவும் ஜீவனாம்சமும் வாங்கித் தரலாம். மனுவை முதல் விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயலவேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. 'முயலவேண்டும்' என்ற வார்த்தைக்குள் எத்தனை வாய்தாக்கள் அடங்கும் என்பதைக் கோர்ட் வராந்தாவில் காத்திருந்தவர்கள் அறிவார்கள். வாய்தாவுக்கு வருகிற ஒவ்வொரு நாளும் பீடிக் கூலி போகிற நாள். ஜில்லா தோறும் சமூகநலத் துறையில் இதற்கென்று பாதுகாப்பு அலுவலர் ஒருவர் உண்டு. அவரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னாலே போதும், மனுவை அவர் தயாரிக்க உதவவேண்டும். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் 'சமாதானமாப் போம்மா' என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்ணுக்கும் இந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

அந்தச் சட்டத்தின் நாலாவது பிரிவைத்தான் வாசகர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டுமென்று விரும்புகிறேன். ஒரு வீட்டில் வன்முறை நடந்தது, நடக்கிறது, அல்லது நடக்கப்போகிறது என்று நம்புவதற்குக் காரணம் உள்ள எவரும், அடிபட்டவள் வாய் திறக்கவேண்டுமென்று காத்திராமல், பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு கொடுத்த தகவலுக்காக அவர்மேல் சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ வராது. 'எவரும்' என்றால் நாலாவது வீட்டுக்காரரும் அடக்கம். எங்கள் தெருவின் ஜன்னல்கள் சாத்தப்பட்ட அந்த இரவுகளில் இப்படி ஒரு சட்டம் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது, அலுவலரின் விலாசம் தெரியாவிட்டாலும் பாதகமில்லை, பெண்களுக்கான உதவி எண் 181, இரவும் பகலும் எடுப்பார்கள், காசு கிடையாது.